ஊய்ங் மாமாவின் வலது கை

தெருப் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ஊய்ங் மாமா. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மாடி ஜன்னல் வழியாக வருகிற அந்தச் சத்தத்தை வேறு எப்படித்தான் சொல்வது? குடிவந்த புதிதில் கீழ்வீட்டம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்து கதவைத் தட்டினாள்.

"வீட்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா? சாயங்காலமானா யாரோ இழுத்து இழுத்து அழுற மாதிரியே கேக்குது."

"அது மியூசிக்கும்மா," என்றான்.

அவள் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற அவன் அக்காவைப் பார்த்தாள். அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்ப யாரும் அழலியே?" என்று இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் புகார் சொன்னதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் மட்டும், "மேல அக்காவும் தம்பியும் இருக்காங்க. நல்லவங்கதான், கொஞ்சம் ஒரு மாதிரி," என்று சொல்லிவைப்பாள்.

அந்த ஒரு மாதிரிக்குக் காரணமான கருவிக்குத் தெரமின் என்று பெயர். மரப்பெட்டி ஒன்று, அதன் வலது பக்கம் செங்குத்தாக ஒரு கம்பி, இடது பக்கம் வளையமாக ஒரு கம்பி. இரண்டையும் தொடவே கூடாது. வலது கையைக் கம்பிக்கு அருகே கொண்டுபோனால் சுரம் ஏறும், விலக்கினால் இறங்கும். இடது கையை வளையத்துக்கு மேலே தூக்கினால் சத்தம் கூடும், தாழ்த்தினால் அடங்கும். மற்ற வாத்தியக்காரர்களுக்கு அழுத்தக் கட்டை உண்டு, மீட்ட நரம்பு உண்டு, ஊதத் துளை உண்டு. இவனுக்கு வெறும் காற்றுதான். காற்றில் கை எங்கே நிற்கிறதோ அங்கே சுரம் நிற்கும். கை ஒரு நூல் அசைந்தால் சுரமும் அசையும்.

வாசிக்கிறவன் கை மட்டும் என்றில்லை. பக்கத்தில் யார் வந்தாலும் அந்தப் பெட்டிக்குத் தெரிந்துவிடும், சுரம் கெட்டுவிடும். அதனால் முன்னறையின் தரையில் சிவப்பு டேப் ஒட்டி ஒரு கோடு போட்டிருந்தான். அவன் வாசிக்கும்போது அந்தக் கோட்டைத் தாண்ட யாருக்கும் அனுமதி இல்லை. வீட்டில் இருந்த அந்த "யாரும்" அக்கா ஒருத்திதான். இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. டீ டம்ளரைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போவாள், அது ஆறிப் போகும், மறுபடியும் சுட வைப்பாள், வாய் ஓயாமல் திட்டுவாள்.

பகலில் அவன் ஒரு காது ஆஸ்பத்திரியில் செவித்திறன் சோதிக்கிறவன். பஞ்சு ஒட்டிய சின்ன அறைக்குள் நோயாளியை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, கண்ணாடிக்கு வெளியே இருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவான். கேட்டால் அவர்கள் அழுத்த வேண்டும். சிலர் கேட்காமலே அழுத்துவார்கள். காது போய்விட்டது என்று வீட்டில் தெரிந்தால் அவமானம் என்று நினைக்கிற பெரியவர்கள், வேலை போய்விடும் என்று பயப்படுகிற டிரைவர்கள். அவன் அவர்களைக் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ளாமல், "மறுபடியும் முதல்லேருந்து பாக்கலாங்களா?" என்பான்.

"எப்படிடா கண்டுபிடிக்கற?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"பொய்யா அழுத்தறவங்க ரொம்ப ஒழுங்கா அழுத்துவாங்கக்கா. டக்கு, டக்கு, டக்குன்னு. நிஜமா கேக்கறவங்க தடுமாறுவாங்க. நிஜத்துல ஒழுங்கு இருக்காது."

அக்காவுக்கு வேலை போட்டோ ஸ்டுடியோவில். பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம். "தலையைக் கொஞ்சம் நிமித்துங்க, சிரிக்காதீங்க, கண்ணை மூடாதீங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தும் தம்பியை அதே குரலில் அதட்டுவாள். மனிதர்களின் முகத்தை நாள் முழுக்கப் பார்த்துச் சலித்ததாலோ என்னவோ, லீவு நாளில் முகமே இல்லாத இடங்களைத் தேடிப் போவாள். மூடுபனி இறங்கிய பாலம், மழை விட்ட கார் நிறுத்தம், விடியற்காலை விளக்கு அணையாத பஸ் நிலையம். கேமராவை முக்காலியில் பொருத்தி ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்தே வைப்பாள். அப்படி வைத்தால் நடந்து போகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். நூறு பேர் கடந்து போன பாலம் வெறிச்சென்று இருக்கும். அசையாமல் நிற்பது மட்டும்தான் மிஞ்சும்.

மிஞ்சுகிற அந்த ஒருவனாக நிற்பது தம்பியின் வேலை. தெரமின் வாசிப்பதுபோல் வலது கையைக் காற்றில் நீட்டி, ஷட்டர் மூடும்வரை இமை தவிர எதையும் அசைக்காமல் நிற்பான். நாய் வந்து காலை மோந்து பார்த்துவிட்டுப் போகும், அப்போதும் அசையமாட்டான். எல்லாம் பனியாகக் கரைந்திருக்கும் படத்தில் அவன் விரல்கள் மட்டும் நகம்கூடத் தெரியும்படி இருக்கும். ஸ்டுடியோவில் ஒரு நொடி சும்மா இருக்கத் தெரியாத ஜனங்களோடு மல்லுக்கட்டுகிற அக்காவுக்கு அதைப் பார்த்தால் உச்சி குளிர்ந்துபோகும்.

இரண்டையும் சேர்த்து வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை காட்டுவார்கள். மரச்சாமான் கடைக்கு மேலே சின்னக் கண்காட்சிக்கூடம் ஒன்று இருந்தது. அதை நடத்துகிறவருக்கு இப்படிப்பட்ட விநோதங்களில் ஆசை. சுவரில் அக்காவின் படங்கள் ஒவ்வொன்றாக விழும். தம்பி அவற்றைப் பார்க்காமலே, வரிசையை மனதில் வைத்து வாசிப்பான். காலடியில் எஃபெக்ட் பெட்டிகள் இருக்கும். ஒன்று எதிரொலி கொடுக்கும், ஒன்று சத்தத்தைக் குகைக்குள் கேட்பதுபோல் ஆக்கும், இன்னொன்று வாசித்ததையே பிடித்து வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லும். வருகிறவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். அதில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள் என்று அக்கா கிண்டல் செய்வாள். ஆனாலும் அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் இரண்டு பேரும் மிச்ச நாளையெல்லாம் ஓட்டினார்கள். வேறென்ன இருந்தது அவர்களுக்கு? அக்காவுக்குப் பேசிய கல்யாணம் பாதியில் நின்றுபோனது. தம்பிக்கு யாரும் பேசவே இல்லை. இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அப்பா படுக்கையில் கிடந்த வருடங்கள் அவை.

அப்பா தையல்காரர். முதலில் ஊசியில் நூல் கோக்க வரவில்லை. ஊசி மட்டமானது என்றார். பிறகு கண்ணாடியின் பவர் சரியில்லை என்றார். மெஷினைத் திட்டினார், விளக்கைத் திட்டினார், வாடிக்கையாளர் கொடுத்த துணியைத் திட்டினார். கை நடுங்குகிறது என்று மட்டும் கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை. அப்புறம் டம்ளர் நழுவியது, அப்புறம் கரண்டி, அப்புறம் நடை, அப்புறம் சொல். புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டியதாயிற்று. அக்கா துடைத்துவிடுவாள், தம்பி தூக்கிப் பிடிப்பான். இது ரத்தத்தில் வரக்கூடியது, பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் ஒருநாள் சொன்னார். எப்படிக் கவனமாக இருப்பது என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அப்பா போன பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததே கிடையாது.

இந்த வருட நிகழ்ச்சிக்குச் சில மாதங்கள் முன்பு தெரமினில் கோளாறு வந்தது. நேராக நிற்க வேண்டிய சுரம் லேசாக அலைந்தது. தம்பி பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்த கம்பிச்சுருளை மாற்றினான். மின்சாரம் ஏறி இறங்குகிறதோ என்று வேறு அடாப்டர் வாங்கினான். கீழ்வீட்டம்மாவின் மிக்ஸிதான் காரணம் என்று சந்தேகப்பட்டு, அவள் மிக்ஸி ஓட்டாத நேரமாகப் பார்த்து வாசித்தான். பெட்டிக்குள் தகரம் வைத்து அடைத்தான். அலைவது நிற்கவில்லை. நிகழ்ச்சிக்குள் சரி செய்துவிடலாம், அக்காவை எதற்குக் கலவரப்படுத்துவது என்று, அவள் ஸ்டுடியோவுக்குப் போன நேரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தான்.

அதே மாதங்களில் அக்காவுக்கும் ஒரு கோளாறு வந்தது. படங்களில் தம்பியின் விரல்கள் தெளிவாக விழவில்லை. முதல் படத்தில் நுனி மட்டும் கலங்கியிருந்தது. அடுத்ததில் மணிக்கட்டு வரை. முக்காலி தளர்ந்துவிட்டது என்று நினைத்து அதன் திருகுகளை இறுக்கினாள். பிறகு புது முக்காலியே வாங்கினாள். காற்றடித்தது, லாரி போனதில் பாலம் அதிர்ந்தது, பனி லென்ஸில் படிந்தது. ஸ்டுடியோப் படங்களில் மருவையும் தழும்பையும் துடைத்து எடுக்கிற கைக்குப் பழைய படத்திலிருந்து ஒரு கையை வெட்டி ஒட்ட எவ்வளவு நேரமாகும்? ஒட்டியும் பார்த்தாள், பிடிக்கவில்லை. மூடுபனி கையைத் தின்றதுபோல் இதுவும் அழகாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகுமா என்று நீங்கள் கேட்கலாம். கை சும்மா தொங்கும்போது ஒன்றும் தெரியாது. நீட்டிப் பிடித்தால்தான் தெரியும். அவன் டீயைப் பாதி டம்ளருக்கு மேல் ஊற்றிக்கொள்வதில்லை என்பதை அக்கா பார்த்தாள்தான். சர்க்கரையைக் குறைக்கிறான் போலிருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்த கண்ணுக்கு எதுவும் தெரியாது.

எப்போதும் நிகழ்ச்சிக்கு முன்னால் முன்னறைச் சுவரில் போர்வையைக் கட்டி ஒத்திகை பார்ப்பார்கள். இந்த முறை, "ஒத்திகை வேணாமே, புதுசாவே இருக்கட்டும்," என்று தம்பி மென்று விழுங்கினான். அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. "நானும் அதான் நினைச்சேன்," என்றாள்.

அந்தச் சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. மழையும் இல்லை, ஆச்சரியம்தான். கூடத்துக்காரர் விளக்கை அணைத்தார். அக்கா பின்னால் கணினியருகே நின்றாள். தம்பி மேடை என்று சொல்லப்பட்ட அந்தப் பலகையின் மேல் நின்றான், சுற்றிலும் சிவப்பு டேப். முதல் படம் விழுந்தது. சுரம் எழுந்தது.

எழுந்த உடனேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. சுரம் அலைகிறது. வேண்டுமென்று அசைக்கிறானோ என்று ஒரு கணம் நினைத்தாள். இல்லை. வேண்டுமென்று அசைப்பது அவளுக்குத் தெரியும். இது அவன் கேட்காமலே வருகிறது.

படங்கள் மாறிக்கொண்டே வந்தன. பாலத்துப் படம் வந்தது, புது முக்காலியில் எடுத்தது. கணினியில் உள்ளங்கை அளவுக்குப் பார்த்த படம் இப்போது சுவர் முழுக்க நின்றது. பாலத்துக் கைப்பிடியின் துரு தெரிந்தது. அவன் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. தோள் கல் மாதிரி இருந்தது. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை, வெள்ளையாக ஒரு புகை. முக்காலி ஆடியிருந்தால் பொத்தானும் ஆடியிருக்கும். லாரி போயிருந்தால் துருவும் கலங்கியிருக்கும். இவ்வளவு எளிய விஷயம், புகைப்படக்காரிக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம், கூட்டத்துக்கு நடுவில் நிற்கும்போதுதான் அவள் தலையில் ஏறியது.

தம்பி வாசிக்கும்போது சுவரைப் பார்ப்பதே இல்லை. அன்றைக்கு என்னவோ திரும்பிப் பார்த்தான். தன் கை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தான். பிறகு கம்பிக்குப் பக்கத்தில் நீண்டிருந்த தன் கையைப் பார்த்தான். கடைசியில் இருட்டில் அக்கா நிற்கிற திசையைப் பார்த்தான். அவள் முகம் அவனுக்குத் தெரிந்திருக்காது, கணினி வெளிச்சத்தில் தெரிந்துமிருக்கலாம்.

அவன் காலால் எதிரொலிப் பெட்டியை மிதித்தான். நடுக்கத்தை மூடிவிடலாம் என்று நினைத்திருப்பான். எதிரொலி அந்த நடுக்கத்தை இரண்டாக்கியது. இன்னொன்றை மிதித்தான், நாலாகியது. திரும்பச் சொல்கிற பெட்டியையும் மிதித்தான். அது ஒரு நடுக்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாமல் சொல்லத் தொடங்கியது. கூடம் முழுக்க அவன் கை நடுங்கியது. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அக்காவுக்கு ஆவேசமாக வந்தது. ஆனால் கோடு இருந்தது. கோட்டைத் தாண்டினால் சுரம் கெட்டுவிடும். இருந்த இடத்திலேயே நின்று, அடுத்த படத்துக்குப் பட்டனை அழுத்தினாள்.

முடிந்ததும் அப்படி ஒரு கைதட்டல் அவர்களுக்கு அதுவரை கிடைத்ததில்லை. கூடத்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு வந்தார்.

"எத்தனை தடவை நீங்க வாசிச்சு கேட்டிருக்கேன், இந்த மாதிரி கேட்டதே இல்ல. முன்னாடியெல்லாம் ரொம்ப சுத்தமா இருக்கும், சாமி சத்தியமா எனக்குக் கொஞ்சம் போரடிக்கும். இன்னிக்கி உயிரோட இருந்துச்சு. அடுத்த மாசமே இன்னொன்னு வச்சுக்கலாம், இதே மாதிரி!"

தாடி வைத்த ஒருவர் குனிந்து பெட்டிகளை ஆராய்ந்தார். "அந்த நடுக்கம் எந்த எஃபெக்ட்டுங்க? நானும் தேடிக்கிட்டே இருக்கேன், கிடைக்கவே மாட்டேங்குது."

"அது... கடையில கிடைக்காதுங்க," என்றான் தம்பி. அவர் சிரித்தார், தம்பியும் சிரித்தான். அந்தச் சிரிப்பை அக்காவால் பார்க்க முடியவில்லை. வயர்களைச் சுருட்டப் போய்விட்டாள்.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் பெட்டி இருவருக்கும் நடுவில் இருந்தது. அவன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். "கூட்டம் நல்லா வந்துச்சு," என்றாள் அக்கா. "ம்," என்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் டீ எடுத்து வந்தபோது அவன் தெரமினை முன்னறையில் நிறுத்தியிருந்தான். எஃபெக்ட் பெட்டிகள் எல்லாம் கழற்றி மூலையில் கிடந்தன. ஒரு பெட்டி, ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான்.

"அக்கா, டீய வச்சிட்டு இங்க வா."

வழக்கம்போலக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"தாண்டி வா."

"எதுக்குடா?"

"மெஷினைச் சோதிக்கணும். நான் வாசிச்சா எதுல கோளாறுன்னு தெரியாது. நீ கையை நீட்டிப் பிடி. சுரம் ஆடுச்சுன்னா மெஷின்ல கோளாறு. ஆடலேன்னா..." அவள் கையைப் பார்த்தான். "உன் கை ஆடாதுல்ல?"

அவள் கோட்டைத் தாண்டினாள். கால் வைக்கும்போது என்னவோ தப்பு செய்கிறவள்போல் இருந்தது. அவள் உடம்புக்குத் தக்கபடி குமிழைத் திருகி வைத்துவிட்டு அவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனான். அவள் வழக்கமாக உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தான். கண்களை மூடிக்கொண்டான்.

"நான் பாக்க மாட்டேன். காது போதும்."

இடது கையை வளையத்துக்கு மேல் தூக்கினாள், வலது கையை நீட்டினாள். அறைக்குள் ஒரு சுரம் எழுந்து நின்றது. இழுத்துக் கட்டிய கம்பிபோல நேராக நின்றது. ஒரு துளி அலைவில்லை. வாழ்நாள் முழுக்க மூச்சைப் பிடித்து ஷட்டரை அழுத்திய கை அது, மரு துடைத்த கை. அந்தக் கையை அவள் அன்றைக்கு வெறுத்ததுபோல் எதையும் வெறுத்ததில்லை. ஆடேன் சனியனே என்று மனதுக்குள் கெஞ்சினாள். ஆடிவிட்டால் அவன் எழுந்து, "பாத்தியா, நான் சொன்னேன்ல," என்பான். இன்னொரு சுருள் வாங்குவான். இன்னும் ஒரு வருடம் மெஷினைத் திட்டிக்கொண்டு இருப்பான். ஒரு வருடம் போதும், ஆறு மாதம் இருந்தாலும் போதும்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவள் விரல்களை மெதுவாக அசைத்தாள். சுரம் அசைந்தது. நேற்று கேட்டது நினைவில் இருந்தது, அதேபோல் வரவேண்டும் என்று பார்த்துப் பார்த்து அசைத்தாள்.

"ஆடுதுடா," என்றாள். குரலில் சந்தோஷத்தை வரவழைத்துக்கொண்டாள். "கேக்குதா? நான் சும்மாதான் நிக்கறேன், அதுவா ஆடுது. மெஷின்தான்டா. நல்ல ஆளா பாத்துக் குடுத்துச் சரி பண்ணிடலாம்."

அவன் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து பெரியவர்களின் பட்டனைக் கேட்கிற அதே சாய்வு.

"அக்கா."

"என்னடா?"

"கையை ஆட்டாத."

"நான் எங்கடா ஆட்டறேன்?"

"ரொம்ப ஒழுங்கா ஆடுது," என்றான்.

அவள் நிறுத்தினாள். சுரம் பழையபடி நேராக நின்றது. கையை இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கத் தொடங்கியது, தோளோடு கையும் குலுங்கியது. சுரம் ஏறியது, அறுந்தது, எங்கேயோ போய் முட்டித் திரும்பியது. அதில் எந்த ஒழுங்கும் இல்லை. தம்பி கண்ணை மூடியபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த முறை நிறுத்தச் சொல்லவில்லை.

கீழே கீழ்வீட்டம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். யாரும் அழவில்லை, அது மியூசிக் என்று அவளிடம்தான் முன்பே சொல்லிவிட்டார்களே. அவள் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.